பனிச்சாலையில் லாரி டயர்கள்: எடையும் பிடிமானமும்

கனமான வண்டி சாலையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அது எளிதில் வழுக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெப்ப நாடுகளின் உலர்ந்த தார்ச்சாலையில் இந்த நம்பிக்கை பொய்க்கும் தருணம் அரிது என்பதால் அதை யாரும் ஐயுறுவதில்லை. வட அமெரிக்காவின் மலைவழிகளிலும், ஆல்ப்ஸ் கணவாய்களிலும், ஜப்பானின் மேற்குக் கரையோரத்திலும் குளிர்காலம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: இருபது டன் சரக்கேற்றிய லாரி, சிறிய கார் ஒன்று சிரமமின்றி ஏறிப்போகும் மேட்டில், பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்க அசையாமல் நின்றுவிடுகிறது. இதற்கான காரணங்கள் அனைத்தும் டயரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் சிறிய பரப்பில்தான் இருக்கின்றன. அங்கே வெப்பநிலை, ரப்பரின் இயல்பு, டயரில் வெட்டப்பட்ட பள்ளங்களின் ஆழம், எந்த அச்சின்மீது எவ்வளவு சுமை விழுகிறது என்ற கணக்கு ஆகியவை சேர்ந்து பிடிமானத்தைத் தீர்மானிக்கின்றன. மொத்த எடை அந்தப் பட்டியலில் வண்டிக்குச் சாதகமாக நிற்பது மிக அரிது.

எடையும் நிற்கும் தூரமும்

டயரைச் சாலையோடு பிணைப்பது உராய்வு விசை. டயர்மீது விழும் எடையில் எவ்வளவு பங்கு உராய்வு விசையாக மாறக்கூடும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். உலர்ந்த தார்ச்சாலையில் லாரி டயருக்கு இது ஏறத்தாழ 0.7 ஆகவும், வண்டிகள் ஓடி இறுகிய வெண்பனியில் 0.2 முதல் 0.3 வரையிலும், பனிக்கட்டியில் 0.1 அளவிலும் இருக்கும். உருகத் தொடங்கி மேலே நீர் படர்ந்த பனிக்கட்டியில் 0.05 வரைகூட இறங்கிவிடும்.

எடை கூடினால் உராய்வு விசையும் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தப்பட வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரத்தைக் கணக்கிடும்போது நிறை இரு பக்கமும் அடிபட்டுப்போகிறது. எஞ்சுவது வேகமும் உராய்வுக் குணகமும் மட்டுமே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, குணகம் 0.7 ஆக உள்ள உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும், 0.25 உள்ள இறுகிய பனியில் 57 மீட்டரும், 0.1 உள்ள பனிக்கட்டியில் 140 மீட்டருக்குச் சற்று மேலும் ஓடும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை வைக்கும் நேரமும், லாரிகளில் உள்ள காற்றுப் பிரேக் முழு அழுத்தம் பெற எடுத்துக்கொள்ளும் கணநேரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நடைமுறையில் லாரியின் நிலை இந்தக் கணக்கு காட்டுவதைவிடவும் சற்று மோசம். ரப்பரின் உராய்வுக் குணகம் மாறாத எண் அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர்மீது விழும் அழுத்தம் கூடக்கூட அது குறைகிறது. காரின் டயரில் 32 அல்லது 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும்போது, லாரி டயரில் 100 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை அடைக்கப்படுகிறது. டயர் சாலையைத் தொடும் இடத்தில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தையே ஒட்டி அமைவதால், அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் 36 டன், 18 டயர் ட்ரெய்லர் லாரி மொத்தமாகச் சாலையைத் தொடும் பரப்பு அரைச் சதுர மீட்டருக்கும் குறைவாகவே இருக்கிறது. ஒன்றரை டன் காரைவிட 24 மடங்கு எடையுள்ள அந்த வண்டிக்குக் கிடைக்கும் தொடுபரப்பு, காரின் தொடுபரப்பைப் போல ஏழெட்டு மடங்குதான்.

பனிக்கட்டி வழுக்குவது எதனால்

பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன்மீது இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் என்பது நெடுநாளாக அறியப்பட்டது. அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடித்தது. 1850இல் மைக்கேல் ஃபாரடே, உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்மம் போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது என்று கருதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேம்ஸ் தாம்சன், அழுத்தம் கூடினால் பனிக்கட்டி உருகும் வெப்பநிலை குறையும் என்று கணித்தார். அவருடைய சகோதரர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், அதைச் சோதனையில் உறுதி செய்தார். இந்த அழுத்த விளைவைக் கொண்டே பனிச்சறுக்குக் காலணிகள் வழுக்குவதை 1886இல் ஜான் ஜோலி விளக்கினார். அதன்பின் நெடுங்காலம் பாடநூல்களில் அந்த விளக்கமே இடம்பெற்றது.

லாரி டயரை வைத்து இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை ஒரு பாகை செல்சியசில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது சுமார் 0.0074 பாகை மட்டுமே இறங்குகிறது. 120 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தம். ஆகவே கனரக லாரியின் முழுப் பளுவும் சேர்ந்து உருகுநிலையை 0.06 பாகை அளவுக்குத்தான் குறைக்கிறது. வெளியே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 பாகை இருக்கும்போது இந்த விளைவால் ஒரு துளி நீரும் உண்டாகாது.

1939இல் பௌடன், ஹியூஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் பனிக்குகைக்குள் சோதனைகள் நடத்தி, உராய்வில் பிறக்கும் வெப்பமே மேற்பரப்பை உருக்குகிறது என்று காட்டினர். ஃபாரடே கருதிய இயல்பான மேலடுக்கும் உண்மையே என்று பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின: மேற்பரப்பில் உள்ள நீர் மூலக்கூறுகளுக்கு மேல்பக்கத்தில் பிணைப்பு இல்லாததால் அவை உள்ளே இருப்பவற்றைவிடத் தளர்ந்து நகர்கின்றன, உறைநிலையை நெருங்க நெருங்க இந்தத் தளர்வு மிகுகிறது. லாரிக்கு இவ்விரண்டும் பாதகமாகின்றன. சக்கரம் சுழன்று வழுக்கும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பிறக்கும் வெப்பம் அழுத்தத்தையும் வழுக்கும் வேகத்தையும் பொறுத்தது என்பதால், அழுத்தம் மிகுந்த லாரி டயரின் கீழ் நீர்ப்படலம் விரைவில் தடிக்கிறது. மேட்டில் நின்றுவிட்ட வண்டியின் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மேலும் மிதித்தால் டயருக்கு அடியில் பனி உருகி, அவர் கால் எடுத்த உடனே மறுபடி உறைந்து கண்ணாடிபோல் மெருகேறிவிடுகிறது. அதன்பின் வரும் வண்டிகளுக்கும் அதே இடம் பொறியாகிறது.

இதிலிருந்து, கடுங்குளிரைவிட உறைநிலையை ஒட்டிய குளிரே டயருக்கு ஆபத்து என்ற முடிவு கிடைக்கிறது. சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் காய்ந்து கிடக்கும் பனிக்கட்டி, சுழியத்திலேயே ஈரமாக மின்னும் பனிக்கட்டியைப் போல இரு மடங்குக்கும் மேலான பிடிமானத்தைத் தரக்கூடும். பகலில் உருகி இரவில் உறையும் சாலைகளும், தரையின் வெப்பம் எட்டாததால் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்துவிடும் பாலங்களும் விபத்துகளுக்குப் பெயர்பெற்றிருப்பதன் காரணம் இதுதான்.

குளிரில் இறுகும் ரப்பர்

ரப்பர் சாலையைப் பிடித்துக்கொள்வது, அது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் வளைந்து புகுந்து மீள்வதால்தான். ஒவ்வொரு ரப்பர் வகைக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசையும் திறனை இழந்து, பொருள் கண்ணாடியைப்போல இறுகி உடையக்கூடியதாகிவிடும். இதைக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்பர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால்வடிக்கப்படும் ரப்பர் மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பருக்கு இது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை; பாலிபியூட்டடையீன் எனப்படும் செயற்கை ரப்பருக்கு 100 பாகை வரை கீழே; கார் டயர்களில் மிகுதியாகப் பயன்படும் ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பருக்கு, கலவையைப் பொறுத்து, இவற்றைவிட மிக உயர்வாக இருக்கும்.

எந்தச் சாலையும் கீழ் 70 பாகைக்குப் போவதில்லை என்றாலும், இறுகும் போக்கு அந்த எல்லைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஓடும் டயரின் ரப்பர் ஒரு நொடியில் பல ஆயிரம் முறை நசுங்கி மீள்கிறது. இவ்வளவு வேகமான அசைவுக்கு மூலக்கூறுகள் ஈடுகொடுக்க முடியாதபோது, ரப்பர் தன் உண்மையான வெப்பநிலையைவிடக் குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போலவே நடந்துகொள்கிறது. கோடைக்கால கார் டயர்கள் 7 பாகைக்குக் கீழே பிடிமானத்தை இழக்கத் தொடங்கும் என்ற வழக்கமான அறிவுரை இதிலிருந்து வந்தது. லாரி டயரின் மேல்ரப்பரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம் என்பதால் அதற்கு இந்த எல்லை அவ்வளவு கறாராகப் பொருந்துவதில்லை. ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் இருக்கிறது.

லாரி டயர் இயற்கை ரப்பரை நாடுவது குளிருக்காக அல்ல, வெப்பத்தைத் தாங்குவதற்காக. சுமையின்கீழ் நசுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் ரப்பரில் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. மூன்று டன் வரை சுமந்துகொண்டு நாள்முழுதும் ஓடும் தடித்த டயரில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்தால் டயர் வெடித்துவிடும். எனவே வெப்பத்தைக் குறைவாக உண்டாக்கும், வெட்டுக்கும் தேய்வுக்கும் எளிதில் இடங்கொடாத, கடினமான கலவையே லாரி டயருக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பல லட்சம் கிலோமீட்டர் உழைத்து, தேய்ந்தபின் ரீட்ரெட் செய்து மறுபடியும் ஓட வேண்டும் என்பது சரக்குப் போக்குவரத்துத் தொழிலின் எதிர்பார்ப்பு. பனிக்கட்டியைப் பிடிக்கத் தேவையான மென்மையும், ஆற்றலை உறிஞ்சும் இயல்பும் இந்த எதிர்பார்ப்புக்கு நேர் எதிரானவை. குளிர்கால லாரி டயர் செய்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைத்தான் தேட முடிகிறது. மென்மையை ஓரளவு கூட்டினால், ஆயுளில் ஓரளவை விட்டுக்கொடுக்க வேண்டும்.

பள்ளங்களும் நுண்வெட்டுகளும்

கலவையில் விட்டுக்கொடுக்க முடியாததை வடிவமைப்பில் ஈடுசெய்கிறார்கள். டயரில் சாலையைத் தொடும் தடித்த பகுதிக்கு டிரெட் என்று பெயர். வெண்பனியில் ஓடும்போது டிரெட்டின் கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் பனி புகுந்து அழுந்துகிறது. அழுந்தும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, பள்ளத்தின் அச்சில் வார்த்த கட்டியாகின்றன. டயர் முன்னேற வேண்டுமானால் அந்தக் கட்டி தரையிலுள்ள பனியிலிருந்து பிய்ந்தாக வேண்டும். பிய்வதற்கு அது காட்டும் எதிர்ப்பே வண்டியைத் தள்ளும் விசையாகிறது. ரப்பரைவிடப் பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால், வெண்பனியில் பள்ளம் நிறைந்த டயர் இழப்பதைவிடப் பெறுவதே அதிகம். அடுத்த சுற்றுக்குள் டயர் அந்தக் கட்டியை உதறிவிட வேண்டும். இல்லையென்றால் பள்ளம் முழுவதும் அடைபட்டு, ஆழமான டிரெட்டும் வழவழப்பான உருளையாகிவிடும்.

பனிக்கட்டியில் பள்ளத்துக்குள் புக எதுவும் இல்லாததால் அங்கே வேறு உத்தி தேவைப்படுகிறது. டிரெட் கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இடப்படுகின்றன. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயராலேயே இவை சைப் எனப்படுகின்றன. கட்டை சாலையில் அழுந்தி வளையும்போது இந்த வெட்டுகள் சற்றே விரிந்து, நீர்ப்படலத்தை உள்ளே இழுத்துக்கொள்வதோடு, பல கூரான விளிம்புகளால் பனிக்கட்டியைச் சுரண்டவும் செய்கின்றன. வெட்டுகள் மிகுந்தால் கட்டை தளர்ந்து ஆடும், சீரற்றுத் தேயும். கனமான லாரியில் பிய்ந்தும் போகலாம். ஆகவே, மேலே பிரிந்து உள்ளே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அலைவடிவ வெட்டுகள் உருவாக்கப்பட்டன.

இந்தத் துறையில் ஜப்பானின் பங்கு பெரிது. எஃகு ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி நகரங்களில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக வளர்ந்ததால், 1990இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, ஆணியின்றிப் பனிக்கட்டியைப் பிடிக்கும் டயரைத் தேடும் முயற்சியில், நுண்துளைகள் நிறைந்த ரப்பர் கலவையைக் கொண்ட பிளிசாக் டயரை பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்தியது. டயர் தேயத்தேயப் புதிய நுண்துளைகள் மேற்பரப்பில் திறந்து, நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை.

மேற்சொன்ன இயக்கங்கள் எல்லாம் பள்ளத்தின் ஆழத்தை நம்பி நிற்கின்றன. எஞ்சின் சுழற்றும் அச்சில் பூட்டப்படும் புதிய டயரில் 20 மி.மீ. அளவுக்குப் பள்ளம் இருக்கும். சட்டப்படி ஓட்டத் தகுதியான ஒன்றரை முதல் மூன்று மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்த பிறகு, பனியைப் பற்றும் திறன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். வெட்டுகளும் பள்ளத்தின் அடி வரை செல்வதில்லை என்பதால் அவை அதற்கும் முன்பே மறைந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் டயர், குளிர்கால டயராக ஏற்கெனவே ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

சுமை எந்த அச்சில் விழுகிறது

மேடு ஏறுவதற்கான கணக்கில் வண்டியின் மொத்த எடையைவிட, அந்த எடையில் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள்மீது விழும் பங்கே முக்கியமானது. எஞ்சினால் சுழற்றப்படும் அச்சை இயக்கு அச்சு என்று அழைக்கலாம். அமெரிக்காவில் வழக்கமான 5 அச்சு ட்ரெய்லர் லாரி முழுச் சுமையில் 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் இருக்கும். அதில் இழுவை வண்டியின் இரட்டை இயக்கு அச்சுகள்மீது 34,000 பவுண்டு, அதாவது 42.5 சதவீதம் விழும். ஐரோப்பாவில் 40 டன் ட்ரெய்லர் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை இயக்கு அச்சுதான். அதன்மீது அனுமதிக்கப்படும் உச்சச் சுமை 11.5 டன், அதாவது 29 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நாடுகளுக்கிடையே ஓடும் வண்டிகளில் இயக்கு அச்சின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி கூறுவதற்குப் பிடிமானமே காரணம்.

7 சதவீதச் சரிவு கொண்ட ஒரு மலைச்சாலையை எடுத்துக்கொண்டு, பனியை மிதித்து உருள்வதற்கான தடையாக இன்னும் 1.5 சதவீதத்தைச் சேர்த்தால், வண்டியின் எடையில் 8.5 சதவீத அளவு விசை இயக்கு சக்கரங்களிலிருந்து கிடைத்தாக வேண்டும். இதற்கு அமெரிக்க லாரிக்கு 0.20 உராய்வுக் குணகம் போதும். ஐரோப்பிய லாரிக்கு ஏறத்தாழ 0.30 தேவை. இறுகிய பனியில் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், முதல் வண்டி ஏறிவிடும், இரண்டாவது நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டிக்கோ 0.085 இருந்தாலே போதும். லாரிகள் மேட்டில் அடைபட்டு நிற்பது எஞ்சின் சக்திக் குறைவால் நேர்வதல்ல. ட்ரெய்லரின் முன் அச்சையோ, இழுவை வண்டியின் இழுக்காத அச்சையோ சற்று நேரம் உயர்த்தி, இயக்கு அச்சின்மீது சுமையைக் கூட்டும் வசதி பல ஐரோப்பிய லாரிகளில் இருப்பது இந்தக் கணக்கைத் தற்காலிகமாகத் திருத்துவதற்காகத்தான்.

இறக்கத்தில் வேறு வகை ஆபத்து காத்திருக்கிறது. டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஒரே கையிருப்பு; முன்பின் விசைக்கும் பக்கவாட்டு விசைக்கும் அதிலிருந்துதான் பங்கிட்டாக வேண்டும். பிரேக்கிலோ முடுக்கத்திலோ டயர் முழுப் பிடிமானத்தையும் செலவழித்துவிட்டால், வண்டியை நேராக வைத்திருக்க அதனிடம் எதுவும் மிஞ்சாது. எஞ்சின் பிரேக் இயக்கு அச்சில் மட்டுமே வேலை செய்வதால், வழுக்கும் சாலையில் அதை முழுவீச்சில் போட்டால் பின்சக்கரங்கள் பிடி தவறி இழுவை வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் நழுவும். பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ள, இரண்டும் மடக்குக்கத்தி போல ஒன்றின்மேல் ஒன்று மடங்கிச் சாலையை அடைத்துக்கொள்ளும். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி அமெரிக்காவில் 1997 மார்ச் முதல் புதிய இழுவை வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்டதில் இந்த விபத்து வகைக்கு முக்கிய இடமுண்டு. அந்தக் கருவி இருக்கும் பிடிமானத்தைச் சரியாகப் பங்கிட உதவுகிறது. இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

காற்றழுத்தம் குறைவது

அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு இறங்கும் என்பது பள்ளிப் பாடம். லாரி டயரில் அதன் விளைவு கவனிக்கத்தக்க அளவு பெரிது. 20 பாகை வெப்பநிலையுள்ள பணிமனையில் 120 பி.எஸ்.ஐ. அடைக்கப்பட்ட டயர், சுழியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் இரவெல்லாம் நின்றால் காலையில் ஏறத்தாழ 102 பி.எஸ்.ஐ. மட்டுமே காட்டும், எங்கும் கசிவு இல்லாமலேயே 18 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். ஓடத் தொடங்கியதும் டயர் சூடேறி அழுத்தம் மீளும் என்றாலும், லாரி டயரின் தடிமன் காரணமாக அது நிலையான வெப்பத்தை எட்டுவதற்கு நெடுநேரம் ஆகிறது. ஆய்வகங்களில் பெரிய லாரி டயரின் உருள்தடையை அளப்பதற்கு முன் அதை மூன்று மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும் என்று சர்வதேசத் தரவிதி சொல்கிறது.

மணலில் செய்வதைப்போலக் காற்றைக் குறைத்தால் பனியிலும் பிடிமானம் கூடும் என்ற யோசனை, ஓட்டுநரின் இருக்கையிலிருந்தே அழுத்தத்தை மாற்றக்கூடிய இராணுவ லாரிகளில் பயன்படுகிறது. நெடுஞ்சாலை லாரிக்கு அது ஏற்றதன்று. குறைந்த அழுத்தத்தில் முழுச்சுமையைத் தாங்கும் டயர் அளவுக்கு மீறி நசுங்கி, பனி இல்லாத அடுத்த சாலைப்பகுதியில் உள்ளே சூடேறிச் சிதையும். குளிர்காலத்தில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளந்து நிரப்புவது, எந்தப் புதிய கலவையையும்விட மலிவான பாதுகாப்பு.

சங்கிலியும் ஆணியும்

ரப்பரால் முடியாத இடத்தில் எஃகு துணைக்கு வருகிறது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் காப்புரிமை பெற்ற டயர்ச் சங்கிலி, இன்றும் அடிப்படையில் மாறாமல் இருக்கிறது. டயரின் குறுக்கே செல்லும் எஃகுக் கண்ணிகள், அகன்ற ரப்பர் பரப்பில் பரவியிருந்த சுமையைச் சில சதுர சென்டிமீட்டருக்குள் குவிப்பதால், பனிக்கட்டியின் மேற்பரப்பை உடைத்து உள்ளே பதிகின்றன. லாரியின் எடை பிடிமானத்துக்கு உண்மையிலேயே உதவும் இடம் இது ஒன்றுதான். அதே காரணத்தால், பனி நீங்கிய தாரில் ஓடும்போது சங்கிலி சாலையையும் டயரையும் தன்னையும் அரித்துக்கொள்கிறது; மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அறுந்து பிரேக் குழாய்களைத் தாக்கவும் கூடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலை சங்கிலிச் சட்டத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கிச் செல்லும் பாதையில் 7 சதவீதம் வரை சரிவுகள் உண்டு. டாட்சீரோவுக்கும் மாரிசனுக்கும் இடைப்பட்ட சுமார் 200 கி.மீ. தொலைவில் வணிகச் சரக்கு வண்டிகள் செப்டம்பர் தொடக்கம் முதல் மே இறுதி வரை சங்கிலியை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் சாலையோரத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தில் நிறுத்திப் பூட்ட வேண்டும். பூட்டாமல் போய்ச் சாலையை அடைத்துக்கொள்ளும் வண்டிக்கு விதிக்கப்படும் அபராதம் 1,000 டாலரைத் தாண்டும். ஒவ்வொரு கண்ணியும் பனியில் விறைத்திருக்க, இரவில் கடும் காற்றில் மண்டியிட்டு, சங்கிலியை இரட்டை டயர்மீது சுற்றி இழுத்துக் கொக்கி மாட்டும் வேலை எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓட்டுநர்கள் அதைத் தள்ளிப்போட நினைப்பது புரியும். அபராதம் அவ்வளவு கடுமையாக இருப்பதும் அதனால்தான்.

ஆணி பதித்த டயர்கள் பனிக்கட்டியில் நல்ல பிடிமானம் தந்தாலும், சாலை அரிப்பு காரணமாக ஜெர்மனி 1975 முதல் அவற்றைத் தடை செய்துள்ளது. நார்டிக் நாடுகளில் கட்டுப்பாடுகளோடு அனுமதி நீடிக்கிறது. உப்பு தூவுவதற்கும் எல்லை உண்டு: கோட்பாட்டளவில் உப்புக்கரைசல் சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரை உறையாது என்றாலும், நடைமுறையில் கீழ் 10 பாகையை நெருங்கும்போதே சாதாரண உப்பு பனியை உருக்கும் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. அதற்கும் கீழே மணலும் வேறு உப்புக் கரைசல்களும் பயன்படுகின்றன.

சட்டம் கற்றுக்கொண்டவை

டயரின் பக்கவாட்டில் உள்ள எம்+எஸ் என்ற குறி, சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்பதற்கான தயாரிப்பாளரின் அறிவிப்பு மட்டுமே. அதற்கு எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி அப்படியன்று. லாரி டயருக்கு அந்தக் குறி கிடைக்க வேண்டுமானால், இறுகிய பனியில் முடுக்கச் சோதனை நடத்தி, ஒப்பீட்டுக்கு வைத்த டயரைவிடக் குறைந்தது 25 சதவீதம் மேலான பிடிமானத்தைக் காட்ட வேண்டும். அந்தச் சோதனை வெண்பனியில் நடக்கிறது. பனிக்கட்டிப் பிடிமானத்துக்கு ஐரோப்பிய டயர் விவரச்சீட்டில் உள்ள தனிக் குறி கார் டயர்களுக்கு மட்டுமே உரியது. மலைக்குறி பெற்ற லாரி டயரும் பனிக்கட்டியில் எப்படி நடக்கும் என்பதை அந்தக் குறி சொல்லவில்லை என்பதை வாங்குபவர்கள் உணர வேண்டும்.

ஜெர்மனியில் குளிர்காலச் சாலை நிலைமைகளின்போது லாரிகள் இயக்கு அச்சில் மட்டும் குளிர்கால டயர் வைத்திருந்தால் போதும் என்றே முதலில் விதி இருந்தது. மேடு ஏறுவதை மட்டும் நினைத்தால் அது சரிதான். ஆனால் திருப்ப வேண்டிய முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் வண்டி வளைவில் நேரே போய்விடும். 2020 ஜூலை முதல் முன் அச்சுக்கும் அந்தக் கட்டாயம் விரிவாக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் குறி மட்டும் உள்ள டயர்கள் ஏற்கப்படுவதில்லை. ஆஸ்திரியா நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, வானிலை எப்படி இருந்தாலும், இயக்கு அச்சில் குளிர்கால டயரையும் வண்டியில் சங்கிலியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ரேடியல் டயரின் பள்ளம் 5 மி.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது என்றும் விதித்திருக்கிறது.

ஜப்பானின் பாடம் கசப்பானது. 2018 பிப்ரவரியில் ஃபுக்குயி மாநிலத்தில் 8ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கனரக வண்டிகள் பனியில் சிக்கியதைத் தொடர்ந்து, சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ 1,500 வண்டிகள் அடைபட்டன; அது தீர இரண்டரை நாளுக்கு மேல் ஆனது. 2020 டிசம்பரில் கன்-எட்சு விரைவுச்சாலையில் ஏறத்தாழ 2,100 வண்டிகள் சிக்கின. ஜப்பான் கடலின் ஈரக்காற்று கொண்டுவந்து கொட்டும் அந்தப் பனி, உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் விழும் கனமான ஈரப்பனி; டயருக்கு மிக மோசமான நிலை எது என்று இயற்பியல் சொல்கிறதோ அதே நிலை. அதன்பின் 2021இல், லாரி, பேருந்து நிறுவனங்கள் பனிச்சாலைக்கு வண்டியை அனுப்புமுன் குளிர்கால டயரின் தேய்வைச் சரிபார்க்க வேண்டும் என்று அரசு வலியுறுத்தியது. புதிய டயரின் பள்ளத்தில் பாதி தேய்ந்ததும் அதைக் குளிர்கால டயராகக் கருதக் கூடாது என்பது அங்கே நடைமுறை அளவு. அந்தப் பாதியைக் காட்டும் சிறு மேடு பள்ளத்துக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் 3,500 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சோஜி லா கணவாய் வழியாக லடாக்குக்குச் செல்லும் சாலைக்கும், 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கத்தை அணுகும் சாலைகளுக்கும் இந்தப் பாடங்கள் அப்படியே பொருந்தும். சுரங்கங்கள் கணவாயின் உச்சியைத் தவிர்க்க உதவுகின்றன. சுரங்கத்தின் வாய்வரை செல்லும் உறைந்த சரிவுகளை லாரி டயர்தான் கடந்தாக வேண்டும். சமவெளியின் வெப்பத்துக்கும் மிகைச்சுமைக்கும் ஏற்பச் செய்யப்பட்ட டயரோடு தெற்கிலிருந்து புறப்படும் லாரி, மூன்று, நான்கு நாட்களில் முற்றிலும் வேறொரு இயற்பியலுக்குள் நுழைந்துவிடுகிறது.

இவை அனைத்தையும் தொகுத்துப் பார்த்தால், குளிர்காலப் பாதுகாப்பின் பெரும்பகுதி வண்டி சாலைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது என்பது தெளிவாகும். எந்த அச்சில் எந்த டயர் பூட்டப்பட்டது, அதில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் மிச்சமிருக்கிறது, காலையில் காற்று அளக்கப்பட்டதா, சரக்கு எப்படி ஏற்றப்பட்டது, சங்கிலி வண்டியில் இருக்கிறதா என்பவை எல்லாம் உரிமையாளரின் பணிமனையிலும் சரக்கேற்றும் இடத்திலும் எடுக்கப்படும் முடிவுகள். இன்னும் ஓர் ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் என்று தேய்ந்த டயரை விட்டுவைப்பவர் மிச்சப்படுத்தும் பணத்துக்கான விலையை, உறைந்த சரிவில் 140 மீட்டர் நிற்காமல் போகும் வண்டிக்குள் இருப்பவரும் அதற்கு முன்னால் நிற்பவர்களும் கொடுக்கிறார்கள். ஓட்டுநரின் திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவரிடம் எத்தகைய டயரைக் கொடுத்து அனுப்பினோம் என்று கேட்பதுதான் நியாயம்.